இழுப்பறையில் கிடக்கும் ஒப்புதல் படிவம்

கேள்வி: டாக்டர் அம்மா அவர்களுக்கு வணக்கம். நாங்கள் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். என் மகளுக்குப் பத்து வயது முடிந்துவிட்டது. அரசுப் பள்ளியில் கிரேட் 5 படிக்கிறாள். கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸுக்கு எதிரான எச்.பி.வி. தடுப்பூசி போடச் சம்மதம் கேட்டுப் பள்ளியில் கொடுத்தனுப்பிய படிவம் இரண்டு வாரமாக என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. என் மாமியார், டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பாக இருந்த மேகசின் பேரக்ஸில் பிறந்து வளர்ந்தவர். ‘அந்தக் காலத்தில் பிள்ளை பிறக்கக் கூடாது என்று பெண்களுக்கு ஊசி போட்டார்கள், இதுவும் அதுதான்’ என்கிறார். திருச்சியிலிருந்து உறவினர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவில், ஆந்திராவில் இந்த ஊசியால் ஏழு சிறுமிகள் இறந்ததாகச் சொல்கிறார்கள். ஜப்பானில் ஒரு பெண் சக்கர நாற்காலியில் இருக்கும் வீடியோவும் வந்தது. கோயிலில் பழக்கமான ஓர் அக்கா, ‘ஒழுக்கமாக வளர்க்கிற பிள்ளைக்கு இது எதற்கு?’ என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கணவர் ‘நீயே பார்த்து முடிவு செய்’ என்கிறார். மகள் இன்னும் வயதுக்கு வரவில்லை. போன வருடம் ரத்தம் எடுத்தபோது மயங்கி விழுந்தாள். எனக்கு 38 வயது. நான் இதுவரை பேப் ஸ்மியர் என்னும் கருப்பை வாய்ப் பரிசோதனையைச் செய்துகொண்டதே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என்ன செய்யட்டும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன்: அந்தப் படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்புங்கள். ஆனால் உங்கள் வீட்டில் எழுந்திருக்கும் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் உண்டு என்பதாலும், அவற்றில் ஒன்றைக்கூட அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது என்பதாலும், இந்தக் கடிதத்துக்குச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

உங்கள் மாமியாரிடமிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அவர் கற்பனையாக எதையும் சொல்லிவிடவில்லை. இனவொதுக்கல் ஆட்சி 1974-இல் தொடங்கிய குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் டெப்போ-புரோவேரா என்னும் கருத்தடை ஊசி, பெரும்பாலும் கறுப்பினப் பெண்களுக்கு, அது என்ன ஊசி என்ற விளக்கம்கூடச் சரியாகத் தரப்படாமல் பல இடங்களில் போடப்பட்டது. அதைவிடக் கொடியது ஒன்றும் உண்டு. வூட்டர் பாசன் என்ற மருத்துவரின் தலைமையில் இராணுவம் இரகசியமாக நடத்திய ‘புராஜெக்ட் கோஸ்ட்’ என்னும் இரசாயன, உயிரியல் ஆயுதத் திட்டத்தில், கறுப்பின மக்களின் பிறப்பு விகிதத்தைக் குறைக்கும் ஊசி ஒன்றைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி நடந்ததாக, இனவொதுக்கல் காலக் குற்றங்களை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் முன்னால் 1998-இல் அந்த ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அறிவியலாளர்களே சாட்சியம் அளித்தார்கள். அப்படி ஓர் ஊசி தயாராகி மக்களுக்குப் போடப்பட்டதாக அந்த விசாரணையில் நிறுவப்படவில்லை. என்றாலும், அதற்கு முயன்றார்கள் என்பதே போதாதா? குடியிருந்த இடத்திலிருந்து பெயர்க்கப்பட்டுச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பப்பட்ட ஒரு தலைமுறையைச் சேர்ந்தவர், அரசாங்கம் நீட்டும் ஊசியைப் பார்த்ததும் ஒரு நிமிடம் கையை இழுத்துக்கொள்வதில் எனக்கு வியப்பில்லை.

அவருடைய நினைவு உண்மையானது. அது இந்த ஊசிக்குப் பொருந்தாது என்பதை மட்டும் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். நமக்கென்று தனியாகச் செய்யப்பட்ட மருந்து அல்ல இது. ஆஸ்திரேலியா 2007-இலும், இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 2008-இலும் தங்கள் நாட்டுச் சிறுமிகளுக்கே முதலில் போட்டுப் பார்த்தன. தென்னாப்பிரிக்க அரசுப் பள்ளிகளுக்கு அது வந்து சேர்ந்தது 2014-இல்தான். அன்று அந்த நாடுகளில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் கை நீட்டிய பெண்கள் இன்று முப்பதை ஒட்டிய வயதில் இருக்கிறார்கள். பிள்ளை பெற்று வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பெண்களின் மருத்துவப் பதிவுகளை அலசி 2018-இல் வெளியான ஆய்வில், தடுப்பூசி போட்டவர்களுக்குச் சினைப்பை முன்கூட்டியே செயலிழக்கும் ஆபத்து கூடியிருப்பதாகத் தெரியவில்லை. உண்மையில் பிள்ளைப்பேற்றைப் பறிப்பது இந்த ஊசி தடுக்கும் கருப்பை வாய்ப் புற்றுநோய்தான். நோய் முற்றினால் கருப்பையையே அகற்றவோ கதிர்வீச்சு கொடுக்கவோ வேண்டியிருக்கும். புற்றாக மாறும் முன்பே கண்டுபிடித்துக் கருப்பை வாயில் ஒரு பகுதியை வெட்டியெடுத்தாலும், பிற்காலத்தில் குறைமாதப் பிரசவம் நேரும் வாய்ப்பு கூடுகிறது. பேரப்பிள்ளைகள் வேண்டும் என்று நினைக்கும் ஒரு பாட்டிக்கு இதைவிட வேறு என்ன காரணம் சொல்லுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, திருச்சிக் குரல் பதிவு. இந்த நாட்டில் நம் காதில் தமிழ் விழுவதே கோயிலிலும், திருமண வீட்டிலும், ஊர் உறவுகளின் தொலைபேசியிலும்தான் என்று ஆகிவிட்ட நிலையில், ‘அம்மா, கவனமாகக் கேளுங்கள்’ என்று தமிழில் ஒரு குரல் தொடங்கினால் அது சொந்தக்காரர் வீட்டுக்கு வந்து பேசுவதுபோல் இருக்கிறது. உங்கள் மாமியார் அதை நம்பியதில் பாதி மொழிக்காக என்றே நினைக்கிறேன். பள்ளியிலிருந்து வந்த படிவத்தில் ஒரு வரி தமிழ் இல்லை. அது எங்களைப் போன்றவர்களின் குறை.

அந்தப் பதிவில் வரும் செய்தி முழுப் பொய்யும் அல்ல. 2009-இல், அப்போது ஆந்திரப் பிரதேசத்தில் இருந்த கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சிறுமிகளுக்கு இந்தத் தடுப்பூசி போடும் திட்டம் ஒன்று நடந்தது. அவர்களில் ஏழு பேர் பின்னர் இறந்ததும், அதனால் எழுந்த எதிர்ப்பில் 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டதும் உண்மை. குரல் பதிவில் இல்லாதது இதுதான்: விசாரணைக் குழு அந்த மரணங்களைத் தனித்தனியே ஆராய்ந்தபோது, ஒரு குழந்தை நீரில் மூழ்கியும், ஒரு குழந்தை பாம்பு கடித்தும், வேறு சிலர் பூச்சிமருந்து குடித்தும் காய்ச்சலாலும் இறந்ததாகத் தெரியவந்தது, தடுப்பூசியோடு தொடர்புபடுத்தக்கூடிய மரணம் எதுவும் இல்லை. ஆனால் அதே திட்டத்தில் வேறொரு தவறு நடந்திருந்தது. விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகளுக்காகப் பெற்றோர் இடவேண்டிய கையெழுத்தை விடுதிக் காப்பாளர்களே இட்டிருந்தார்கள். இந்திய நாடாளுமன்றக் குழு 2013-இல் அதைக் கடுமையாகக் கண்டித்தது, கண்டித்தது சரியே. இப்போது உங்கள் இழுப்பறையில் இருக்கும் காகிதத்தை எடுத்துப் பாருங்கள். அந்தச் சிறுமிகளின் பெற்றோருக்கு மறுக்கப்பட்டது அதுதான். பன்னிரண்டு வயது நிரம்பாத பிள்ளைக்குப் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் இந்த ஊசி போட முடியாது என்று இந்த நாட்டுக் குழந்தைகள் சட்டம் சொல்கிறது. கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

அந்த நிகழ்விலிருந்து யாரும் எதிர்பாராத ஒரு நன்மையும் விளைந்தது. அதே காலத்தில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தியாவில், இரண்டு ஊசி போதுமா, மூன்று வேண்டுமா என்று கண்டறியத் தனியாக ஓர் ஆய்வை நடத்திக்கொண்டிருந்தது. 2010 தடையினால் அதுவும் பாதியில் நின்றுவிட, ஏறத்தாழ ஐயாயிரம் சிறுமிகள் ஒரே ஒரு ஊசியோடு நின்றுபோனார்கள். ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடாமல் பத்தாண்டு தொடர்ந்து கவனித்தபோது, ஒற்றை ஊசி பெற்றவர்களுக்கும், இந்த நோய்க்கு முதன்மைக் காரணமான 16, 18 ஆகிய இரண்டு வைரஸ் வகைகளின் நீடித்த தொற்றிலிருந்து 95 சதவீத அளவுக்குப் பாதுகாப்பு கிடைத்திருந்தது. கென்யாவில் நடந்த ஆய்வும் இதை உறுதிசெய்ய, 2022-இல் உலக சுகாதார அமைப்பு ஒரே ஊசியும் போதும் என்று அறிவித்தது. 2014-இல் கிரேட் 4 மாணவியருக்கு ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி என்று தொடங்கிய நம் பள்ளித் திட்டம், இன்று கிரேட் 5-இல் ஒரே ஊசியாகச் சுருங்கியதற்கு இதுவே காரணம். நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய பிள்ளைகளுக்கு மட்டும் கூடுதல் ஊசி தேவைப்படலாம். அவர்களுடைய பெற்றோர் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஜப்பான் வீடியோவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெண்ணின் வலியை நான் சந்தேகிக்கவில்லை. அதற்கு ஊசிதான் காரணமா என்பதே கேள்வி. நகோயா நகரில் தடுப்பூசி போட்டவர், போடாதவர் என ஏறத்தாழ முப்பதாயிரம் இளம்பெண்களிடம் அத்தகைய 24 அறிகுறிகளைப் பற்றி விசாரித்தபோது, போட்டவர்களிடம் அவை கூடுதலாக இருக்கவில்லை. ஆனால் அதற்குள் ஜப்பான் அரசு 2013 ஜூனில் தன் பரிந்துரையை நிறுத்திவைத்துவிட்டது. எழுபது சதவீதத்தை எட்டியிருந்த தடுப்பூசி விகிதம் ஒரு சதவீதத்துக்கும் கீழே போனது. பரிந்துரை முழுமையாகத் திரும்பி வந்தது 2022-இல். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் பாதுகாப்பின்றி வளர்ந்த பெண்களைப் பற்றி யாரும் வீடியோ எடுத்து அனுப்பவில்லை.

இப்போது கோயில் அக்காவின் கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் கனமான வரி இதுதான் என்று எனக்குப் பட்டது. படிவம் இரண்டு வாரமாக இழுப்பறைக்குள் இருப்பதற்கு ஆந்திராவும் ஜப்பானும் காரணமில்லை, இந்த ஒரு கேள்விதான் காரணம் என்றும் நினைக்கிறேன். கையெழுத்திட்டால் மகளின் வருங்காலத்தைப் பற்றி ஏதோ ஒன்றை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமோ என்று உங்களுக்குத் தோன்றுகிறது.

எச்.பி.வி. என்பது அரிய நோயோ, ஒழுக்கம் தவறியவர்களைத் தேடிப் பிடிக்கும் நோயோ அல்ல. தாம்பத்திய வாழ்க்கையில் நுழையும் ஆண், பெண் இருபாலரிலும் மிகப் பெரும்பாலோரை வாழ்நாளில் ஒருமுறையேனும் தொட்டுச் செல்லும் வைரஸ் அது. தோலோடு தோல் உரசுவதே அது பரவப் போதுமானது. பெரும்பாலோர் உடலிலிருந்து ஓரிரு ஆண்டுகளில் தானாகவே நீங்கிவிடுகிறது; நீங்காமல் தங்கிவிடும் சிலரிடம் பதினைந்து, இருபது ஆண்டுகள் சத்தமில்லாமல் இருந்து கருப்பை வாயைப் புற்றாக மாற்றுகிறது. ஒருவரையே மணந்து, அவரோடு மட்டுமே வாழ்ந்த பெண்ணுக்கும் இது வரும். கணவருக்குத் திருமணத்துக்கு முன் ஒரு வாழ்க்கை இருந்திருந்தால் போதும், அந்தக் கணவருக்கே அது தெரிந்திருக்காது. நம் பெண்ணை எவ்வளவு கட்டுப்பாட்டோடு வளர்த்தாலும், அவளுக்கு வாய்க்கப்போகும் மாப்பிள்ளையின் உடலுக்கு நாம் உத்தரவாதம் தர முடியுமா? ஊசி போட்டால் பிள்ளைகள் துணிந்துவிடுவார்கள் என்ற அச்சத்தையும் பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். ஊசி போட்ட பெண்கள் மற்றவர்களைவிட முன்னதாக உறவில் இறங்கியதாகத் தெரியவில்லை. மஞ்சள் காமாலைக்கான பி வகைத் தடுப்பூசியைக் கைக்குழந்தைக்கே போடுகிறோம். அந்த வைரஸும் உடலுறவின் வழியே பரவக்கூடியதுதான். அதற்கு எந்தக் கோயிலிலும் யாரும் புருவத்தை உயர்த்துவதில்லை.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த மாகாணத்தில் மகளிர் மருத்துவப் பிரிவுகளில் பணியாற்றியவள் நான். நம் சமூகத்துப் பெண்கள் இந்த நோயோடு வரும்போது பெரும்பாலும் காலம் கடந்தே வருகிறார்கள். மாதவிடாய் நின்று பல ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் உதிரம் பட்டதை ஓராண்டுக்கும் மேலாக மகளிடம்கூடச் சொல்லாமல் மறைத்து வைத்திருந்த ஒரு தாயை நான் இன்னும் மறக்கவில்லை. ஏன் முன்பே வரவில்லை என்று கேட்டபோது, ‘என்னைத் தப்பாக நினைப்பார்களே’ என்றார். நான்கு பிள்ளைகளைப் பெற்று, நாற்பது ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்தவர். தென்னாப்பிரிக்காவில் ஆண்டுதோறும் பத்தாயிரம் பெண்கள் அளவுக்கு இந்த நோய் காண்கிறது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் வெட்கத்தினால் தாமதித்தார்கள் என்று எந்தப் பதிவேடும் கணக்கு வைப்பதில்லை.

‘இன்னும் வயதுக்கு வரவில்லையே’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன்பே போடுவதுதான் முறை. இந்த ஊசி வரும் வைரஸைத் தடுக்குமே தவிர, வந்துவிட்டதை விரட்டாது. ஒன்பது முதல் பதினான்கு வயது வரை உடல் உண்டாக்கும் எதிர்ப்பாற்றல் பெரியவர்களுடையதைவிட வலுவாகவும் இருக்கிறது. மருந்துக் குப்பிக்குள் உயிருள்ள வைரஸும் இல்லை, ஹார்மோனும் இல்லை. வைரஸின் மேலோட்டை ஒத்த வெறும் புரதக் கூடு, எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிடச் சிறிதளவு அலுமினிய உப்பு முதலியவை, அவ்வளவே. ஆகவே அவள் வயதுக்கு வரும் நாளை அது முன்னுக்குத் தள்ளவோ பின்னுக்கு இழுக்கவோ வழியில்லை. 2014 முதல் நம் பள்ளித் திட்டத்தில் பயன்பட்டு வந்த செர்வாரிக்ஸ், புற்றுநோயில் ஏறத்தாழ எழுபது சதவீதத்துக்குக் காரணமான அந்த 16, 18 வகைகளைக் குறிவைக்கிறது. உங்கள் பள்ளிக்கு வருவது எந்த மருந்து என்று செவிலியரிடம் தயங்காமல் கேளுங்கள். அதே செர்வாரிக்ஸைத்தான் ஸ்காட்லாந்து 2008-இல் தொடங்கியபோது பயன்படுத்தியது. அங்கே பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் முழுமையாக ஊசி பெற்ற பெண்களில் ஒருவருக்குக்கூட ஊடுருவிய கருப்பை வாய்ப் புற்றுநோய் வரவில்லை என்று 2024-இல் ஆய்வு முடிவு வெளியானது.

பக்க விளைவே கிடையாது என்று நான் சொல்ல மாட்டேன். கை வலிக்கும், ஊசி போட்ட இடம் சிவந்து வீங்கலாம், ஓரிரு நாள் தலைவலியோ இலேசான காய்ச்சலோ இருக்கலாம். கடுமையான ஒவ்வாமை பத்து இலட்சம் ஊசிக்கு ஓரிருவருக்கு ஏற்படுகிறது. அதற்கான மருந்து செவிலியர் கையிலேயே இருக்க வேண்டும். உங்கள் மகளைப் பொறுத்தவரை நான் கவனிப்பது மயக்கத்தைத்தான். வளரும் பிள்ளைகள் ஊசியைக் கண்டு மயங்குவது சாதாரணம். மருந்து அதற்குக் காரணமில்லை என்றாலும், நின்ற நிலையில் விழுந்து தலையில் அடிபடுவது உண்மையான ஆபத்து. ஆகவே போன வருடம் நடந்ததைப் படிவத்தில் இடமிருந்தால் அதிலேயும், இல்லாவிட்டால் தனித் தாளிலும் எழுதி அனுப்புங்கள். அன்று காலையில் வெறும் வயிற்றோடு அனுப்ப வேண்டாம். அவளைப் படுக்கவைத்தே ஊசி போடும்படியும், அதன் பிறகு பதினைந்து நிமிடம் எழுந்திருக்க விடாமல் பார்த்துக்கொள்ளும்படியும் ஆசிரியையிடம் சொல்லிவையுங்கள். முந்தைய தடுப்பூசி எதற்காவது கடும் ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால் அதையும் குறிப்பிட வேண்டும். அன்று கடுங்காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடலாம். மகளிடம் என்ன சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: ‘பெரியவளானதும் வரக்கூடிய ஒரு புற்றுநோயைத் தடுக்கிற ஊசி’ என்பதே பத்து வயதுப் பிள்ளைக்குப் போதுமான உண்மை.

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் உங்களைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு 38 வயது. அரசு கிளினிக்குகளில் முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டு இடைவெளியில் மூன்று முறை பேப் ஸ்மியர் இலவசமாகச் செய்கிறார்கள், எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இன்னும் அடிக்கடி செய்ய வேண்டும். உங்களுடைய முதல் முறை எட்டு ஆண்டு தாமதமாகிவிட்டது. தடுப்பூசி போட்டுக்கொண்ட உங்கள் மகளும் பிற்காலத்தில் இந்தப் பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும், ஏனென்றால் எல்லா வகை வைரஸையும் எந்த ஊசியும் தடுப்பதில்லை. ஐந்து நிமிட வேலை. சற்று அசௌகரியமாக இருக்கும். பெண் செவிலியரே வேண்டும் என்று கேட்கலாம். படிவத்தைப் பள்ளியில் கொடுத்துவிட்டு அந்த வாரமே போய்வாருங்கள். மாமியாரையும் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். மாதவிடாய் நின்ற பிறகு அவருக்கு எப்போதாவது உதிரம் பட்டதுண்டா என்று, வழியில், தனியாக இருக்கும்போது, மெல்லக் கேளுங்கள். ஆம் என்றால், எவ்வளவு சிறிதாக இருந்திருந்தாலும் சரி, அன்றைக்கே அங்குள்ள மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.